நகரில் நமக்கோர் இடம்



தோட்டத்தில் ஒரு குடும்பம் வெளியேறுகிறதென்றால் அது லயம் முழுவதற்கும் தெரிந்துவிடும். வாசலில் லாரி வந்து நிற்கும். கட்டிலும் பெட்டியும் சாமிப் படமும் ஏறும். அக்கம்பக்கத்துப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பார்கள். "எந்தப் பக்கம் போறீங்க?" என்று யாராவது கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "மச்சான் அந்தப் பக்கம் இருக்காரு. வீடும் மலிவா கிடைச்சிச்சு."

இந்தப் பதிலில் குற்றம் ஒன்றும் இல்லை. உறவும் வேண்டும், சிக்கனமும் வேண்டும். ஆனால், இந்த இரண்டை மட்டும் பார்த்துப் புறப்பட்ட குடும்பங்களில் சில, இரண்டே ஆண்டுகளில் மறுபடியும் லாரி தேடியதைத் தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் கண்டிருக்கிறோம். ஆகவே, நகரில் குடியேறுவோர் எப்படிப்பட்ட இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை இன்று வரலாற்றின் துணைகொண்டு சிந்திப்போம். நமக்கு முன்னே சென்றவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? ஏன் அங்கே இருந்தார்கள்? அதனால் பெற்றது என்ன, இழந்தது என்ன? இவற்றைப் பார்த்தால் நமக்கு வழி தெரியும்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வோம். குடியிருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் நமக்கு இருந்ததே இல்லை. நம் பாட்டன்மார் கப்பலை விட்டு இறங்கியபோது, எந்தத் தோட்டம் என்பதைக் கங்காணி அறிவார். எந்த லயம், எந்த வீடு என்பதை நிர்வாகம் முடிவு செய்யும். விடியுமுன் பிரட்டுக்கு வந்து நிற்க வேண்டும் என்பதால் ஆட்களை ஒரே இடத்தில் குடிவைத்தார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டமே பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. கோவில், பள்ளி, ஆயாக்கொட்டகை, மருந்துக்கொட்டகை, மளிகைக் கடை எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தன. வசதி குறைவுதான். ஆனால், எது எங்கே இருக்கிறது என்று தேடும் வேலை நமக்கு இல்லை.

இதற்கு ஒரு விலையும் கொடுத்தோம். வீடு வேலையோடு ஒட்டியிருந்தது. வேலை போனால் வீடும் போயிற்று. நாற்பது ஆண்டு பால் வெட்டியவரும், கடைசி நாளில் அந்த நான்கு சுவரில் ஒன்றைக்கூடத் தமது என்று சொல்ல முடியவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நகரத்தின் பக்கம் திரும்புவோம்.

கோலாலம்பூர் பழைய ஊரன்று. 1857இல் ஈயம் தேடி வந்தவர்களால், கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் தோன்றியது. 1880இல் சிலாங்கூரின் தலைநகரம் கிள்ளானிலிருந்து இங்கே மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டே பெருஞ்சோதனை வந்தது. 1881 ஜனவரியில் தீ, அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம். பலகையும் அத்தாப்புமாக நின்ற ஊர் பெரும்பாலும் அழிந்தது. 1882இல் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனி வீடுகளைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்றார். செங்கல்லுக்குச் சூளை வேண்டுமல்லவா? ஊரின் தெற்கே சூளைகள் எழுந்தன. அந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். பெயரிலேயே செங்கல் இருக்கிறது.

1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் இரயில் ஓடத் தொடங்கியது. இரயில்வேயை நம்பித் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்களும், யாழ்ப்பாணத்திலிருந்து கிராணிமாரும் நிலைய அதிகாரிகளும் வந்தார்கள். அவர்களில் பலர் பிரிக்பீல்ட்ஸில் குடியமர்ந்தார்கள். பின்னர் செந்தூலில் இரயில்வேயின் பெரிய பட்டறை அமைந்தபோது, அதைச் சுற்றி நம்மவர் குடியிருப்பு வளர்ந்தது. இன்று "அது தமிழர் வட்டாரம்" என்கிறோம். ஆனால், தமிழர் இருந்ததால் வேலை அங்கே வரவில்லை. வேலை இருந்ததால் தமிழர் அங்கே சென்றார்கள். பட்டறைச் சங்கு ஊதினால் நடந்தே போய்ச் சேரலாம். பேருந்துக் கட்டணம் இல்லை. மாலையில் அப்பா வீட்டில் இருப்பார். நகரம் தந்த முதற்பாடம் இது: வேலைக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள தூரம், குடும்பத்தின் நேரத்தையும் பணத்தையும் அன்றாடம் விழுங்கும்.

கோவில் இல்லாத ஊரில் குடியிருக்காதே என்பார்கள் நம் பெரியவர்கள். நகரத்தில் குடியேறிய முன்னோர் அதை மறக்கவில்லை. தம்புசாமிப் பிள்ளை 1873இல் நிறுவிய மகா மாரியம்மன் கோவில், 1885இல் இன்றுள்ள இடத்திற்கு வந்தது. 1904இல் பிரிக்பீல்ட்ஸில் விவேகானந்த ஆசிரமம் தோன்றியது. கோவிலை ஒட்டியும் ஆசிரமத்தை ஒட்டியும் கல்வி வளர்ந்தது. பிள்ளைகள் நடந்து போகும் தூரத்தில் பள்ளி இருந்த வட்டாரங்களிலிருந்து ஆசிரியர்களும் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் வந்தார்கள். அந்தப் பிள்ளைகள் நம் பிள்ளைகளைவிடக் கெட்டிக்காரர்கள் அல்லர். அவர்களுக்குப் பள்ளி பக்கத்தில் இருந்தது. மாலையில் படிக்க ஓரிடமும் இருந்தது.

ஆனால், இரயில்வே குடியிருப்பிலும் ஒரு குறை உண்டு. அந்த வீடு அரசாங்கத்தின் வீடு. ஓய்வு பெற்றதும் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேலையில் இருக்கும்போதே சொந்தமாக ஒரு மனை தேடியவர்கள் தப்பினார்கள். "இன்னும் நாள் இருக்கிறது" என்று இருந்தவர்கள், தலை நரைத்த பிறகு வாடகை வீடு தேடினார்கள். லயத்து வீட்டின் கதைதான் நகரத்திலும் நடந்தது.

இனி அடுத்த காலகட்டத்திற்கு வருவோம். 1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுச் சிறு சிறு நிலங்களாக விற்கப்பட்டன. வேலை இழந்தவர்கள் நகரத்தின் ஓரங்களுக்கு வந்தார்கள். அவர்களுக்குக் குவாட்டர்ஸ் கொடுக்க யாரும் இல்லை. இரயில் பாதை ஓரத்திலும் ஆற்றங்கரையிலும் பழைய ஈயக் குட்டைகளின் பக்கத்திலும் பலகை வீடு கட்டிக்கொண்டார்கள். எலி வளையானாலும் தனி வளை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்கள். சிறு கோவிலும் எழுப்பினார்கள். அந்த உழைப்பை நாம் குறைத்துப் பேசலாகாது. ஆயினும், அது புறம்போக்கு நிலம். இருபது ஆண்டு குடியிருந்தாலும் கையில் பட்டா இல்லை. மேம்பாட்டுத் திட்டம் வந்தால் இயந்திரமும் வந்தது. சிலர் தற்காலிக உரிமச் சீட்டைப் பட்டா என்று நம்பினார்கள். அந்த உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாதது.

இங்கே ஒரு வேடிக்கையைப் பாருங்கள். நாம் நகரத்தைத் தேடிப் போய்க்கொண்டிருந்தபோது, நகரம் தோட்டத்தைத் தேடி வந்துகொண்டிருந்தது. கோலாலம்பூரில் புறம்போக்கில் இருந்தவர்களைக் குடியமர்த்துவதற்காக 1950களின் தொடக்கத்தில் உருவான பெட்டாலிங் ஜெயா, அதற்கு முன் எபிங்ஹாம் ரப்பர் தோட்டம். பங்சார் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். அதன் உரிமையாளர்களான பங்கே, கிரிசார் என்போரின் பெயர்களே பங்சார் என மருவியதாகக் கூறுவர். 1976இல் கட்டத் தொடங்கிய சுபாங் ஜெயா, சீபீல்டு தோட்டம். நம்மவர் பால் வெட்டிய மண்ணில் மாடி வீடுகள் எழுந்தன. வெட்டியவர் கையில் அந்த மண்ணுக்குரிய தாள் இல்லை. ஆகவே, மண்ணின் விலை ஏறியபோது அவர் வெளியேற வேண்டியதாயிற்று.

தாள் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. தோட்டத் துண்டாடலைக் கண்டு மனம் வருந்திய துன் வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் 10 வெள்ளி சேருங்கள் என்று கேட்டார். அன்றைய கூலியில் 10 வெள்ளி சிறிய தொகை அன்று. ஆனாலும் நம் மக்கள் கொடுத்தார்கள். 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. வெட்டுகிறவரே பங்குதாரரானார். நிலம் வெள்ளைக்காரருக்கும் செல்வந்தருக்கும் மட்டுமே உரியது என்ற எண்ணம் அன்று உடைந்தது.

இன்னொரு செய்தி தண்ணீரைப் பற்றியது. கோலாலம்பூர் பிறந்ததே இரண்டு ஆறுகளின் கூடலில். 1881இல் வந்த வெள்ளம் 1926இலும் வந்தது. 1971 ஜனவரியிலும் வந்தது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கி, மக்கள் மாடியிலும் கூரையிலும் நின்று படகுக்குக் காத்திருந்தார்கள். ஆறு தன் பழைய வழியை மறப்பதில்லை.

இதில் நாங்களும் ஏமாந்திருக்கிறோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில், நண்பர்கள் நான்கு பேராகச் சேர்ந்து நகரில் மலிவான ஓர் அறையை எடுத்தோம். சுவரில் முழங்காலுக்கு மேல் நெடுக ஒரு பழுப்புக் கோடு ஓடியது. அழுக்கு என்று எண்ணிச் சுண்ணாம்பு பூசினோம். மழைக்காலம் வந்தபோதுதான் அந்தக் கோட்டின் பொருள் விளங்கியது. புத்தகங்கள் எல்லாம் போயின. பக்கத்து வீட்டுப் பாட்டியை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். நாங்கள் வாடகையை மட்டுமே கேட்டோம்.

எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்த ஒரு மாணவன் நினைவுக்கு வருகிறான். நன்றாகப் படிப்பான். தோட்டத்தை விட்டுக் குடும்பம் நகரத்து ஓரத்திற்குப் போயிற்று. வீடு பெரியது, வாடகை குறைவு. ஆனால், பள்ளிக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். அப்பா விடியுமுன் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். அம்மாவுக்கு வழி தெரியாது. வாரத்தில் மூன்று நாள் போனான். பிறகு ஒரு நாள். பிறகு அதுவும் இல்லை. அதை அறிந்து நாங்கள் நேரில் சென்று பேசினோம். அந்தத் தாய் ஒன்றே சொன்னார்: "ஐயா, தோட்டத்துல பள்ளிக்கூடம் இருக்கான்னு நாங்க கேட்டதே இல்லீங்க. அது எப்பவும் இருந்துச்சு." மறு ஆண்டு அவர்கள் பள்ளிக்கு அருகில் ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டுக்கு மாறினார்கள். பையன் திரும்பவும் படித்தான். ஆனாலும் ஓர் ஆண்டு போனது போனதுதான்.

நேயர்களே, அந்தத் தாயின் சொல்லில் நம் வரலாறே அடங்கியிருக்கிறது. தோட்டத்தில் எல்லாம் இருந்தன, நாம் கேட்கவில்லை. நகரத்தில் எல்லாம் சிதறிக் கிடக்கின்றன. கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆகவே, மச்சான் வீட்டுப் பக்கம் வீடு பார்க்கப் போகும்போது நான்கு கேள்விகளையும் உடன் கொண்டுபோவோம்.

நிலம் யாருடையது? வாங்குவதானால் விற்பவர் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டினால், பட்டா யார் பெயரில் இருக்கிறது, அடமானம் உண்டா, குத்தகை நிலமானால் எத்தனை ஆண்டு மீதி என்பது தெரிந்துவிடும். முன்பணம் கொடுக்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும்.

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? வெயில் நாளில் வீடு பார்த்தவர்கள், பெருமழை பெய்த மறுநாளும் ஒரு முறை போய்ப் பார்க்கட்டும். பழைய குடியிருப்பாளர் ஒருவரைக் கேட்கட்டும். சுவரையும் பார்க்கட்டும்.

பள்ளி எவ்வளவு தூரம்? பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் நடந்து பார்ப்போம். பெரிய சாலையைக் கடக்க வேண்டுமா என்றும் பார்ப்போம்.

வேலைக்கு எப்படிப் போவது? ஞாயிற்றுக்கிழமை மாலையில் பார்த்தால் எல்லா இடமும் பக்கம்தான். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்ப்போம். பேருந்துக் கட்டணத்தையும் வாடகையோடு கூட்டினால்தான் மலிவு எது என்பது விளங்கும்.

நான்குக்கும் முழு விடை எல்லா இடத்திலும் கிடைக்காது. கையில் இருக்கும் பணம் நம்மைக் கட்டுப்படுத்தும். அப்போது கூடத்தின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். பள்ளியின் தூரத்தைக் கூட்டிக்கொள்ளலாகாது. அழகான வாசலை விட்டுக்கொடுக்கலாம், பட்டாவை விட்டுக்கொடுக்கலாகாது.

நம் பாட்டன்மாருக்கு இடத்தைக் கங்காணி காட்டினார். நம் தந்தையருக்கு வேலை காட்டியது. நம் காலத்தில்தான் அதை நாமே பார்த்து எடுக்கும் வாய்ப்பு வந்திருக்கிறது. லாரி ஏறும் முன் ஒரு வாரம் பொறுத்து, கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டு புறப்படுவோம்.