எதிர்ப்பொருள்தூண்டி

ஆன்டிஜென் என்ற சொல்லுக்கு ‘எதிர்ப்பொருளை (ஆன்டிபாடியை) உண்டாக்குவது’ என்பதே மூலக்கருத்து. அதைத் தமிழில் ‘எதிர்ப்பொருள்தூண்டி’ என்கிறோம். அந்தத் ‘தூண்டி’தான் இடிக்கிறது. நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் ஸ்டைன்மன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கருவின் புரதத்தை, நோயெதிர்ப்புச் செல்லான டென்ட்ரிடிக் செல்லின் டெக்-205 ஏற்பியைப் பற்றும் எதிர்ப்பொருளோடு இணைத்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். அந்தப் புரதத்தை அடையாளம் காணும் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் முதலில் மளமளவெனப் பெருகின, பிறகு மறைந்தன. அதே புரதத்தை மறுபடி கொடுத்தபோது எலியின் உடல் எதிர்வினை காட்டவில்லை. சிடி40 ஏற்பியைத் தூண்டும் இன்னோர் எதிர்ப்பொருளையும் முதலிலேயே சேர்த்துக் கொடுத்தபோதுதான் எதிர்வினை வலுத்தது. ஆக, புரதம் ஆளை அடையாளம் காட்டியது, தூண்டியது வேறொன்று.

வேர்ச்சொல்லைப் பிடித்துத் தொங்கலாமா, வழக்குதானே பொருள் தரும் என்பார்கள். ஆங்கிலத்துக்கு அது சரி. அங்கே கிரேக்க வேர் பலர் கண்ணில் படுவதில்லை. தமிழ்ச்சொல்லோ படித்தவுடனே பொருள் சொல்லிவிடும், மாணவர் அதை அப்படியே நம்புவார். அதனால் ‘ஆன்டிஜென்’ என்றே எழுதுவேன்.