தேயிலை மண்ணும் ஆமையும்

வால்பாறையில் எத்திசை நோக்கினும் தேயிலைதான் கண்ணை நிறைக்கிறது. இப்பச்சையைக் காடென்றே மயங்கி மகிழ்ந்து செல்லும் பயணிகளை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கார்வர் மார்ஷ் முதலிய துரைமார்கள் காட்டை வெட்டித் தோட்டமிடத் தொடங்கும்வரை, இம்மண்ணுக்கு உதிர்ந்த இலைச்சருகே போர்வை. அச்சருகினடியில் வாழும் இரண்டு ஆமைகளைக் காக்க நேர்ந்தால் அவற்றின் அடைப்பிடத்தில் எந்த மண்ணை இடுவது என்ற வினா, எளியது போல் தோன்றினும் ஒரு நூற்றாண்டுக் கதையைக் கிளறிவிடுகிறது.

முதலாவது, 1907-இல் பூலஞ்சர் பெயரிட்ட திருவிதாங்கூர் ஆமை. ஓடு ஓரடிக்குச் சற்று மேல்வரை வளரும். இணைசேரும் பருவத்தில் ஆணின் மூக்கும் கண்ணோரமும் இளஞ்சிவப்பாகும். இரண்டாவது, பிரம்பு ஆமை. உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய சிற்றுயிர். கொச்சிக் காடுகளில் கிடைத்த இரண்டே மாதிரிகளைக் கொண்டு, சென்னை அருங்காட்சியகத்தின் ஹென்டர்சன் 1912-இல் இதனை அறிவித்தார். பின்னர் எழுபது ஆண்டுகள் அறிவியலார் கண்ணில் இது படவேயில்லை. காடர்களோ இதனை நன்கறிவர். அவர்கள் துணையுடன் 1982-இல் இதனை மீண்டும் கண்டறிந்தவர், சென்னை முதலைப் பண்ணையில் பணியாற்றிய ஜெ. விஜயா. இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆய்வாளர் என்று போற்றப்படும் அவர், 1987-இல் இளவயதிலேயே மறைந்தார். 2006-இல் அவ்வாமையின் பேரினத்துக்கு ‘விஜயாகெலிஸ்’ என்று பெயரிட்டனர். புலனடக்கத்துக்கு ஆமையை உவமையாக்கிய வள்ளுவரைப் பயிற்றுவிக்கும் நம் வகுப்பறைகளில், ஓர் ஆமையின் பெயரிலேயே வாழும் இப்பெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் எழுவதில்லை என்பது நமக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

நாட்டு ஆமைகளை வீட்டில் வளர்க்க 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இடந்தருவதில்லை. எனவே மண்ணைத் தேரும் பொறுப்பு மீட்பு மையங்களுக்கும் உயிரியல் பூங்காக்களுக்கும் உரியது. முதலைப் பண்ணை இருக்கும் வடநெம்மேலியோ கடற்கரை. அங்குக் காலடியில் கிடப்பது மணல். மலைக்காட்டு ஆமைக்கு வெறும் மணல் ஆகாது. இரையோடு சேர்த்து விழுங்கப்படும் மணல் குடலில் கட்டிச் செரிமான வழியை அடைத்துவிடும். ஈரத்தையும் மணல் தாங்காது. மறுபுறம், களி மிகுந்த மண்ணில் நீர் தேங்கும். தேங்கிய சேற்றில் ஓடு அழுகும். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர்ந்துவிடும் மண்ணே தக்கது. அதன்மேல் கனமாகச் சருகு வேண்டும். உயிரி ஒளிவதற்கும், வெயிலில் ஈரம் காப்பதற்கும், பெண்ணாமை குழிதோண்டி முட்டையிடுவதற்கும் இத்தகைய நிலமே ஏற்றது. கடையில் விற்கும் பூந்தொட்டிக் கலவையில் உரமும் பெர்லைட் குறுமணிகளும் கலந்திருப்பதுண்டு. அதை அறவே தவிர்த்தல் நன்று.

இனி உள்ளூர் மண்ணுக்கு வருவோம். வால்பாறையிலேயே மண்ணுக்குப் பஞ்சமா என்று கேட்கலாம். 1946-இல் தென்னிந்தியத் தேயிலையைக் கொப்புள நோய் தாக்கியது. அதற்கு மருந்தாகச் செப்பு உப்புகளைத் தெளிக்கும் வழக்கம் நிலைபெற்றது. செம்பு பூச்சிமருந்துபோல் சிதைந்து மறைவதில்லை. மண்ணின் மேலடுக்கிலேயே தங்கிவிடும். ஆமை மேய்வதும் புதைவதும் அந்த மேலடுக்கில்தான். இதனுடன் களைக்கொல்லிகளும் சேர்ந்தன. 2011-இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்த எண்டோசல்பானும் தேயிலைக்குப் பயன்பட்ட மருந்துகளுள் ஒன்று. ஆகவே தோட்டத்துச் செம்மண் பார்வைக்கு எத்துணை வளமாகத் தோன்றினும், அதன் கடந்த காலத்தை விசாரியாமல் ஆமைக்கு இடுதல் தகாது. செம்புலப் பெயனீரார் என்ற பெயரையே ஒரு புலவருக்கு ஈந்த செம்மண்ணைப் பற்றி இங்ஙனம் எழுத நேர்வது வருத்தந்தான். ஆயினும் ஆய்வுக்கூடத்தில் சோதித்த பின்னரே அதை நம்பவியலும்.

காட்டிலிருந்து அள்ளலாமே எனில், வனத்துறையின் இசைவின்றி அது குற்றம். எஞ்சியிருப்பவை தோட்டங்களுக்கிடையே தப்பிப் பிழைத்த சோலைத்துண்டுகள். அவற்றுட் சிலவற்றில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் இருபதாண்டுகளுக்கும் மேலாக நாட்டு மரக்கன்றுகளை நட்டு வருகின்றனர். அம்மரங்கள் உதிர்க்கும் இலைகளின்மேல் எவரும் மருந்து தெளிப்பதில்லை.