பொருள் பக்க இரட்டிப்பு

பொருள் பக்க இரட்டிப்பு என்பது இணையக் கடையொன்றில் ஒரே பொருளின் விவரப் பக்கம் ஒன்றுக்கு மேற்பட்ட முகவரிகளில் திறப்பதாகும். ஒரு பொருளைப் பல வகைகளின் கீழ் அடுக்கும்போது வகைப் பெயரும் பக்க முகவரிக்குள் புகுந்துவிடுவதே இதற்கு முதற்காரணம். வகைகள் எத்தனையும் இருக்கலாம். பொருளின் முகவரி ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதே இதைக் கையாள்வதற்கான அடிப்படை விதி. தேயிலை போலப் பலவாறாக வகுக்கப்படும் பண்டங்களை விற்கும் கடைகளில் இச்சிக்கல் எளிதில் தோன்றும்.

தேயிலை வகைப்பாடும் இரட்டிப்பும்

இலங்கைத் தேயிலை விளையும் உயரத்தைக் கொண்டு தாழ்நிலம் (600 மீட்டர் வரை), மத்திய நிலம் (600 முதல் 1200 மீட்டர்), உயர்நிலம் (அதற்கு மேல்) எனப் பிரிக்கப்படுகிறது. நுவரெலியா, திம்புள்ள, ஊவா, உடபுஸ்ஸல்லாவ, கண்டி, சப்ரகமுவ, ருகுணு என்ற ஏழு வலயங்களாலும் அது அறியப்படுகிறது. பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., ஓ.பி., பெக்கோ, டஸ்ட் முதலியன இலையின் அளவையும் தோற்றத்தையும் ஒட்டிய தரங்கள்.

ஹட்டன் பகுதித் தோட்டம் ஒன்றின் 400 கிராம் பி.ஓ.பி. பக்கற் உயர்நிலம், திம்புள்ள, பி.ஓ.பி., பரிசுப் பொதிகள் ஆகிய நான்கு வகைகளிலும் இடம்பெறத் தகுந்தது. வகைப் பெயர் முகவரியில் சேர்ந்தால் அந்த ஒரு பக்கற்றுக்கு நான்கு பக்கங்கள் உண்டாகும். விலைவாரியாக அடுக்குதல், எடைவாரியாக வடிகட்டுதல், விளம்பர இணைப்புகளில் ஒட்டப்படும் கண்காணிப்புச் சொற்கள் ஆகியவற்றால் முகவரிகள் மேலும் பெருகும்.

வகைகளே ஒன்றோடொன்று மயங்குவதும் உண்டு. வட்டவளை என்பது நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் இரயில் பாதையிலுள்ள ஊர். சந்தையில் விற்கும் தேயிலை ஒன்றின் வணிகப் பெயரும் அதுவே. ஆகவே ஒரே பெயரில் இட வகை ஒன்றும் வணிகப் பெயர் வகை ஒன்றும் உருவாக இடமுண்டு. நிர்வாகத்தில் வட்டவளை நுவரெலியா மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் நுவரெலியா தேயிலை வலயம் அந்நகரைச் சூழ்ந்த மேட்டுநிலத்தையே குறிக்கும். மாவட்டப் பெயரை நம்பி வட்டவளைத் தேயிலையை அந்த வலயத்தில் அடுக்கினால், இரட்டிப்போடு தவறான தகவலும் சேர்கிறது.

விளைவுகள்

ஒரே பக்கம் பல முகவரிகளில் இருப்பதற்காகக் கூகுள் தண்டனை விதிப்பதில்லை. அவற்றுள் ஒன்றைத் தானே தெரிந்தெடுத்துக் காட்டும்; அது கடைக்காரர் விரும்பிய முகவரியாக அமையாமல் போகலாம். பிற தளங்களிலிருந்து வரும் இணைப்புகளும் பல முகவரிகளுக்குச் சிதறும். பெரிய கடைகளில், தேடுபொறி பிரதிகளைப் படிப்பதிலேயே நேரத்தைச் செலவிட்டுப் புதிய பொருள்களைப் பிந்திக் கண்டறியும்.

ஒவ்வொரு வகைக்கும் பொருளைத் தனித்தனியாகப் பதிவு செய்த கடைகளில் சேதம் இன்னும் நேரடியானது. ஒரு பக்கத்தில் மாற்றிய விலை மற்றதில் மாறாது. கையிருப்பு தீர்ந்த பின்னும் இன்னொரு பக்கம் கட்டளையை ஏற்றுக்கொள்ளும்.

கையாளும் முறைகள்

சிறந்த வழி, வகைப் பெயர் இல்லாத நிலையான முகவரியைப் பொருளுக்குத் தருவது. பொருள் ஒருமுறையே பதிவாகும். வகைப் பக்கங்கள் யாவும் அந்த ஒரே முகவரிக்கு இணைப்புத் தரும். சொப்பிஃபை மென்பொருளில் வகை வழியாகத் திறக்கும் பொருள் பக்கம், வகையற்ற முகவரியையே முதன்மையாக அறிவிப்பது வழக்கம். மஜெண்டோவில் வகைப் பாதையை முகவரியில் சேர்ப்பதும் விடுவதும் அமைப்புகளில் தெரிவு செய்யக்கூடியவை.

பல முகவரிகள் தவிர்க்க முடியாதவையானால் கனோனிக்கல் குறிச்சொல் பயன்படும். கூகுள், யாஹூ, மைக்ரோசொஃப்ற் ஆகிய மூன்றும் 2009 பெப்ரவரியில் இதற்கு ஆதரவை அறிவித்தன; 2012இல் இது ஆர்.எஃப்.சி. 6596 என்ற ஆவணமாக வெளிவந்தது. பிரதியின் தலைப்பகுதியில் முதன்மை முகவரியை இக்குறிச்சொல் காட்டும். தேடுபொறி இதை வலுவான குறிப்பாகக் கொள்ளுமேயன்றிக் கட்டளையாகக் கொள்ளாது. எனவே தளவரைபடமும் உள் இணைப்புகளும் அதே முகவரியைச் சுட்ட வேண்டும். பிரதிகளை ரோபோட்ஸ் கோப்பால் தடுக்கக் கூடாது. தடுத்தால் அவற்றிலுள்ள குறிச்சொல்லைத் தேடுபொறியால் படிக்க முடியாது.

கைவிடப்பட்ட பழைய முகவரிகளை 301 என்ற நிரந்தரத் திசைமாற்றத்தால் முதன்மைப் பக்கத்துக்கு அனுப்பலாம். 100 கிராம், 400 கிராம் போன்ற எடை வேறுபாடுகளை ஒரே பக்கத்தில் தெரிவுகளாக வைப்பது வாங்குபவருக்கும் வசதி.

தமிழ்ப் பக்கங்கள்

தமிழ் முகவரிகளுக்குத் தனிக் கவனம் தேவை. "கொழுந்து" என்ற சொல்லின் முதலெழுத்தைக் ககரத்தோடு ஒற்றை ஒகரக் குறியாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் ஒருங்குறியில் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரு வேறு முகவரிகள். சேமிக்கும் போதே என்.எஃப்.சி. என்ற சீர்மை வடிவத்துக்கு மாற்றினால் இந்த இரட்டிப்பு எழாது. "தேயிலை" என்ற சொல் ஒருங்குறியில் ஆறு குறியீடுகள். விழுக்காட்டுக் குறியாக்கத்தில் 54 எழுத்துகளாக நீளும். இதனால் சில கடைகள் முகவரியில் மட்டும் ரோமன் எழுத்தைக் கையாள்கின்றன.

மொழிபெயர்ப்பு இரட்டிப்பு ஆகாது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மும்மொழியில் நடக்கும் இலங்கைக் கடையில் ஒவ்வொரு மொழிப் பக்கமும் தன்னையே முதன்மையாகக் குறிக்க வேண்டும். அவற்றுக்கிடையிலான உறவை, கூகுள் 2011இல் அறிமுகப்படுத்திய ஹெச்ரெஃப்லாங் குறிப்பு தெரிவிக்கும். தமிழ்ப் பக்கத்தின் கனோனிக்கல் ஆங்கிலப் பக்கத்தைச் சுட்டினால், தமிழ்ப் பக்கம் தேடலிலிருந்து விலக்கப்படலாம். அப்போது மலையகத் தேயிலையைத் தமிழில் தேடுபவருக்கு அந்தக் கடையின் தமிழ்ப் பக்கம் கிடைக்காமல் போகும்.