நுண்துளை உயிரியக்கக் கண்ணாடி

விபத்தினாலோ, கட்டியை அகற்றியதனாலோ, ஈறு நோயினாலோ எலும்பில் உண்டாகும் பள்ளத்தை நிரப்பி, அவ்விடத்தில் புது எலும்பு வளரும் வரையில் அதற்குச் சாரமாக நின்று, அது வளர வளரத் தான் கரைந்து இடம் விடுவதற்கென்றே ஆக்கப்பட்ட கண்ணாடி இது. போரில் அங்கஹீனமான வீரர்களின் சரீரம் உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் அந்நியப் பொருளாகவே கொண்டு விலக்கிவிடுகிறது என்று ராணுவ அதிகாரி ஒருவர் சொல்லக் கேட்ட லாரி ஹென்ச், அமெரிக்காவின் புளோரிடா சர்வகலாசாலையில் 1969-ல் இதன் முதற் கலவையைக் கண்டார். எடையில் நூற்றுக்கு 45 பங்கு சிலிக்கா, கால்சியம் ஆக்ஸைடும் சோடியம் ஆக்ஸைடும் 24.5 பங்கு வீதம், பாஸ்பரஸ் பென்டாக்ஸைடு 6 பங்கு என்பது அதன் விகிதம். ஜன்னல் கண்ணாடியைவிடச் சிலிக்கா குறைந்திருப்பதே இதன் விசேஷ குணத்துக்குக் காரணம்.

உடல் நீர் பட்டதும் சோடியம் அயனிகள் வெளியேற, மேற்பரப்பில் சிலிக்காக் கூழ் படர்ந்து, அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து, எலும்பின் தாதுவை ஒத்த அபட்டைட் படலமாக இறுகுகிறது. எலும்பணுக்கள் அதைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. ஆனால் அணுக்களும் இரத்த நாளங்களும் உள்ளே நுழைய வேண்டுமாயின், ஒன்றோடொன்று இணைந்த, ஏறத்தாழ 100 மைக்ரானுக்குக் குறையாத துவாரங்கள் வேண்டும். துவாரம் பெருகினால் வலிமை குறையும். வலிமைக்காகச் சூளையில் மிகச் சுட்டால் கண்ணாடி படிகமாகி, எலும்போடு அது இணையும் வேகம் மந்தப்படும். இத்துறையின் ஆராய்ச்சி பெரும்பாலும் வலிமைக்கும் இக்குணங்களுக்கும் இடையே வழி தேடுவதேயாகும். உருக்காமலே கூழிலிருந்து கண்ணாடி ஆக்கும் முறை 1991-லும், அதனினும் நுண்ணிய துளையொழுங்கு கொண்ட வகை 2004-லும் வந்தன.

நம் நாட்டில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இதனை ஹைட்ராக்ஸி அபட்டைட்டுடன் சேர்த்த கூட்டுப்பொருளை உருவாக்கியது. கல்கத்தாவின் மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையமும் இத்துறையில் உழைத்து வருகிறது. சிகிச்சையின்போது வைத்தியர் சிறு மணிகளாக ஆக்கப்பட்ட இக்கண்ணாடியைக் கிண்ணத்திலிட்டு, நோயாளியின் இரத்தத்தோடே பிசைந்து, ஈர மணல் போலானதும் பள்ளத்தில் மெல்ல அழுத்தி நிரப்புவதுண்டு. இடுப்பெலும்பைச் செதுக்கி எடுத்து வைக்கும் முறையில் நோயாளி சுமக்கும் இரண்டாவது காயம் இதில் இல்லை. எளியவர்க்கு இது பெரிய நன்மை.

 எலும்பு முறிந்தவர்கள் அறிய வேண்டியது ஒன்று: இக்கண்ணாடி பல், தாடை, செவி எலும்புகளின் சிறு குறைகளுக்குத் தக்கது, உடலின் பாரம் முழுவதையும் சுமக்கும் தொடையெலும்புக்குத் தகடும் ஆணியுமின்றி இது மட்டும் போதாது.