கடிவாளமும் அரசாட்சியும்

குதிரையின் வாயில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லற்ற இடைவெளியொன்றுண்டு. அவ்விடத்துத் தங்கும் சிறு இரும்புத்துண்டே கடிவாளத்தின் உயிர்நிலை. அது நாவையும் தாடையையும் அழுத்துதலாற் பரி வீரனது கைக்கு அடங்குகின்றது. விதர்ப்பப் பகுதியின் பெருங்கற்காலப் புதைகுழிகளிற் கிடைத்த இரும்புக் கடிவாளங்கள் இக்கலையின் தொன்மையைக் காட்டும்.

ஈழத்திற் பரி வாணிகக் குடியொன்று அரியணையே ஏறியது. குதிரை வாணிகன் மைந்தரான சேனன், குத்திகன் என்னுந் தமிழர் அநுராதபுரத்தை 22 ஆண்டு ஆண்டனர் என மகாவம்சம் கூறும்.

பாண்டிநாடு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பரிகளைக் கடல்வழியே பெரும்பொருள் கொடுத்து வாங்கியது. அவற்றுட் பெரும்பாலன ஓராண்டிற்குள் மடிந்தன என்றும், பேணுமுறை அறியாமையே அதற்குக் காரணமென்றும், பரிமருத்துவர் அங்குச் செல்லாவாறு வணிகர் தடுத்தனரென்றும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ குறித்தார். பயணியின் கூற்றில் மிகை இருக்கலாமாயினும், பிறர் அறியாமையே வணிகர்க்கு ஊதியமாயிற்று என்பது சிந்திக்கத்தக்கது.

பின்னாளிற் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் நெடுந்தீவிலேயே பரிகளை வளர்த்தனர். லாயத்தின் இடிபாடுகளும் கட்டின்றித் திரியுங் குதிரைகளும் இன்றும் ஆங்குள.

பொன் கொடுத்துப் பரியை வாங்கலாம்; அதனைப் பேணும் அறிவையோ நாட்டிலேயே வளர்த்தல் வேண்டும்.