கட்டிக்குள் ஆக்சிஜன்: கதிர்வீச்சின் பலனை முன்னறியும் முயற்சியின் வரலாறு

ஒரே வகைப் புற்றுநோய்க்கு ஒரே அளவு கதிர்வீச்சைச் செலுத்தினாலும் ஒருவருக்குக் கட்டி கரைந்துபோவதும் மற்றொருவருக்குச் சற்றும் சுருங்காமல் நிற்பதும் ஏன் என்ற கேள்வி, கதிர்வீச்சுச் சிகிச்சையின் தொடக்கக் காலம் முதலே மருத்துவர்களை வாட்டிவந்தது. இதற்கான முதல் தடயம் 1909இல் வியன்னாவில் கிடைத்தது. தோலை அழுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிட்டுக் கதிரைப் பாய்ச்சினால் அவ்விடத்தில் பாதிப்பு குறைவதை கோட்வால்ட் ஷ்வார்ட்ஸ் கண்டார்; எனினும், ரத்தம் சுமந்துவரும் ஆக்சிஜனே இதற்குக் காரணம் என்பது உறுதிப்பட நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அதை உறுதிப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் பிரிட்டிஷ் இயற்பியலாளர் எல். எச். கிரே; உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அளவை இன்று 'கிரே' என்ற அலகால் குறிப்பது இவர் நினைவாகவே. கதிர்வீச்சு உயிரணுவின் மரபுப்பொருளில் உண்டாக்கும் சிதைவை ஆக்சிஜன் நிலைப்படுத்திவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாதபோது அச்சிதைவின் பெரும்பகுதி வேதிவினைகளால் சீராகிவிடுவதால், அதே எண்ணிக்கையில் உயிரணுக்களை அழிக்க ஏறத்தாழ 2.5 முதல் 3 மடங்கு வரை கதிர்வீச்சு தேவைப்படுகிறது. 1955இல் கிரேயும் சக ஆய்வாளர் தாம்லின்சனும் நுரையீரல் புற்றுநோயின் மெல்லிய சீவல்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, ரத்த நாளங்கள் ஓடும் இணைப்புத்திசுவிலிருந்து ஏறக்குறைய 180 மைக்ரோமீட்டர் தொலைவுக்குள் மட்டுமே உயிரணுக்கள் வாழ்வதையும், அதற்கு அப்பால் உள்ளவை மடிந்து கிடப்பதையும் கண்டனர். இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லையில், ஆக்சிஜனுக்குத் திணறிக்கொண்டே உயிரோடு இருக்கும் அணுக்கள்தாம் சிகிச்சைக்குத் தப்பி நோயை மீண்டும் கிளப்புகின்றன என்ற அவர்களது கருத்து, இத்துறையின் பிற்கால வரலாறு முழுவதற்கும் அடித்தளம் என்றே சொல்லலாம்.

ஆனால் உயிருள்ள நோயாளியின் கட்டிக்குள் ஆக்சிஜனை அளப்பது எளிதாக இல்லை. 1990களில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஹேக்கெல் குழுவினர், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குள் மின்முனை ஊசியைச் செலுத்தி அளந்து, ஆக்சிஜன் குறைந்த கட்டிகளில் சிகிச்சையின் பலன் மோசமாவதை நிறுவினர். நேரடியான சான்றாக இருந்தும், வலி தருவதாலும் கைக்கெட்டும் கட்டிகளுக்கே பயன்படுவதாலும் இம்முறை பரவலாகவில்லை.

உடலைத் துளைக்காமல் அளக்கும் வழியைக் காந்த அதிர்வுப் படமாகிய எம்.ஆர்.ஐ. திறந்தது. காந்தப்புலத்தில் தூண்டப்பட்ட நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் பழைய நிலைக்குத் திரும்பும் நேரம் எலிகளின் கட்டிகளில் நீண்டிருப்பதை மருத்துவர் டமேடியன் 1971இல் காட்டினார். அந்தச் சமிக்ஞைகளைப் படமாக்கும் வழியை வேதியியலாளர் லாட்டர்பர் 1973இல் வெளியிட்டார். பின்னர் காடோலினியம் கலந்த மருந்தை நாளத்தில் ஏற்றி, அது கட்டிக்குள் பரவும் வேகத்தைத் தொடர் படங்களாகப் பிடிக்கும் முறை வந்தது. அமெரிக்காவில் நைனா மேயரும் சகாக்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், ரத்தம் நன்கு பாயும் கருப்பைவாய்க் கட்டிகள் கதிர்வீச்சுக்கு மேலாக இணங்குவதை இம்முறையால் காட்டினர். ஷ்வார்ட்ஸ் தோலில் கண்டதன் மறுபக்கம் இது.

எம்.ஆர்.ஐ. தரும் மற்றொரு வழி நீர்மூலக்கூறுகளின் நடமாட்டத்தை அளப்பது. உயிரணுக்கள் சாகும்போது அவற்றின் சவ்வுகள் சிதைந்து நீர் தடையின்றி நகர்வதால், கட்டி சுருங்குவதற்கு முன்பே படத்தில் மாற்றம் தென்படுகிறது. மூளைக்கட்டி நோயாளிகளிடம் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வு, வழக்கமான படங்கள் பத்தாவது வாரத்தில் சொல்வதை இம்முறை மூன்றாவது வாரத்திலேயே சுட்டுவதாகக் காட்டியது. குறுகிய ஆயுளே எஞ்சியிருக்கும் நோயாளிக்கு அந்த ஏழு வாரங்கள் மிகப் பெரியவை. பலனற்ற சிகிச்சையை மாற்ற அவை போதும்.

எனினும் இப்படங்கள் ஆக்சிஜனின் அளவை நேரடியாகக் காட்டவில்லை. ரத்த ஓட்டம், நீரின் நகர்வு போன்ற மறைமுக அடையாளங்களையே காட்டுகின்றன. கருவிக்குக் கருவி அளவீடு மாறுவதால், ஒரு மருத்துவமனை வகுத்த எல்லைக்கோடு இன்னொன்றில் செல்லுபடியாகாமல் போவதும் உண்டு. எம்.ஆர்.ஐ. கருவியையும் கதிர்வீச்சுக் கருவியையும் ஒன்றாக இணைத்து நெதர்லாந்தின் உட்ரெக்டில் உருவான இயந்திரத்தில் 2017இல் நோயாளிகளுக்குச் சிகிச்சை தொடங்கிய பிறகு, ஒவ்வொரு அமர்விலும் அதே கருவியில் அதே கட்டியை அளந்து ஒப்பிடும் வாய்ப்பு அங்குள்ள மருத்துவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.