கயிற்றில் ஒட்டிய மணலும் காசநோயைத் தேடும் படலமும்

இரணியல் ஸ்டேஷன்ல இறங்கி தெற்கே கொஞ்ச தூரம் போனா மணவாளக்குறிச்சி கடற்கரை. மணல் அங்கங்கே கருப்பா மினுங்கும். இந்த எபிசோட் அந்த மணலைப் பத்தி.

1909. ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனிக்கிறார். அதில் மோனசைட் இருந்தது; மோனசைட்டில் தோரியம். கேஸ் விளக்கின் மேன்டிலுக்குத் தோரியம் வேணும், அதுக்கு உலகமே பிரேசில் மணலை நம்பியிருந்த காலம். சீக்கிரமே மணவாளக்குறிச்சியில ஆலை வந்துடுச்சு. யோசிச்சுப் பாருங்க, கயிறு திரிச்சவங்களுக்கு அது வெறும் தூசி!

அதே மணல்ல சிர்கான்னு இன்னொரு தாது இருக்கு. அதிலிருந்து சிலிக்காவைப் பிரிச்சு எடுத்தா சிர்கோனியா. உடம்பு ஒதுக்கித் தள்ளாத பீங்கான் இது, அதனால பல் மருத்துவர்கள் கேப் போடுறதுக்குப் பயன்படுத்துறாங்க. இதைத்தான் பயோசெராமிக்னு சொல்றாங்க.

சென்சாருக்கு இது எப்படி வந்தது? 1962-ல் அமெரிக்காவில் லீலண்ட் கிளார்க், என்சைமை மின்முனையோடு சேர்த்து ரத்தத்தில் குளுக்கோஸ் அளக்க வழி சொன்னார். அதுக்கப்புறம் பெரிய தலைவலி ஒண்ணுதான்: உயிர்ப்பொருள் கழண்டு போகாம, கெட்டும் போகாம மின்முனை மேல உட்காரணும். சிர்கோனியாவுக்கு பாஸ்பேட்டை இறுகப் பிடிக்கிற குணம் உண்டு. டிஎன்ஏவின் முதுகெலும்பே பாஸ்பேட்தானே! டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பி.டி. மல்ஹோத்ரா குழு இதைப் பயன்படுத்தியது. மெல்லிய சிர்கோனியா படலத்தில் டிஎன்ஏவின் ஒற்றை இழையை ஒட்டினாங்க. காசநோய்க் கிருமியின் ஜோடி இழை வந்து சேர்ந்தா மின்சாரம் மாறும். 2010 வாக்கில் இந்த ஆய்வு வெளிவந்தது. சிர்கோனியா மட்டுமில்ல, மோனசைட்டில் கிடைக்கிற சீரியத்தின் ஆக்சைடிலும் இதே குழு குளுக்கோஸ் சென்சார் செஞ்சிருக்கு.

அந்தப் படலம் நம்ம மணல்ல செஞ்சதுன்னு சொல்ல வரல. ஒரு சென்சாருக்கு வேண்டிய சிர்கோனியா ஒரு துளிகூட இல்ல. அதனால மருத்துவத்துக்காகத்தான் தோண்டுறோம்னு யாராவது சொன்னா கொஞ்சம் நிதானிங்க. சிர்கான் டன் கணக்குல போறது டைல்ஸ் தொழிலுக்கும் வார்ப்படத்துக்கும்.

1960-களிலிருந்து மணவாளக்குறிச்சி ஆலை மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். கையில இருக்கு. பக்கத்து கிள்ளியூர் வட்டத்துல 1,144 ஹெக்டேர்ல புதுசா மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து, 2024-ல் கடற்கரை ஊர்க்காரங்க தெருவுக்கு வந்தாங்க. கடல் அரிப்பும் கதிர்வீச்சும்தான் அவங்க பயம்.